இயல்பறிந்து கட்டுதல்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்திற்குத் தெற்கே அமைந்த ஊர் அனுமந்தை. அதன் கிழக்கே வங்கக்கடல் அலையெறிந்து ஆர்ப்பரிக்கும். மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு அமைதியாகக் கிடக்கும். மரக்காணத்தை ஒட்டிய உப்பளங்கள் இப்பகுதிக்குப் பெயரும் பிழைப்பும் தருவன. மழைக்காலம் நீங்கியபின் தொழிலாளர்கள் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். பின்னர் வாய்க்கால் வழியே உவர்நீரைப் பாய்ச்சுவர். வெயில் காயும், காற்று வீசும், நீர் வற்றும், உப்பு வெண்மணியெனப் படியும். நெல் விளைப்போனுக்கு மழை எத்தகையதோ, உப்பு விளைப்போனுக்குக் காற்றும் அத்தகையது.

உப்பை விளைவிக்கும் அக்காற்றே சிற்சில ஆண்டுகளில் சீறி எழுவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ‘நிவர்’ என்னும் புயல் மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகத்துடன் புதுச்சேரிக்கு வடக்கே இக்கடற்கரையைக் கடந்தது. இத்தகைய பெருங்காற்று வரும்முன் மெல்லிய காற்று வீசும்பொழுதே, மரங்கள் ஆடுவதை உற்று நோக்குவோர் ஓர் உண்மையை அறிவர். எல்லா மரங்களும் ஒருபடித்தாக ஆடுவதில்லை. இளந்தென்னை விரைந்து விரைந்து அசையும். நெடிதுயர்ந்த தென்னை, முதியோர் தலையசைப்பது போல மெல்லச் சாய்ந்து மெல்ல மீளும். மின்கம்பத்தின் அசைவோ கண்ணுக்கே புலப்படாது. வீசுங்காற்று ஒன்றே, ஆடும் முறையோ வெவ்வேறு. இஃது ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண, இதே கடற்கரையில் பன்னூறு ஆண்டுகளுக்குமுன் நடந்து சென்ற பாணனை நினைத்தல் தகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் என்னும் வள்ளல் ஆண்ட ஓய்மானாட்டின் ஊர்களுள் ஒன்றாக எயிற்பட்டினம் கூறப்பெறுகிறது. அஃது இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அந்நூலில் வள்ளலிடம் ஆற்றுப்படுத்தப்படுபவன் சிறிய யாழை ஏந்திய சிறுபாணன். யாழின் நரம்புகள் நீளத்தால் வேறுபட்டவை. நீண்ட நரம்பு தாழ்ந்த ஒலி தரும். குறுகிய நரம்பு உயர்ந்த ஒலி தரும். தளர்ந்த நரம்பை இறுக்கினால் ஒலி உயரும். விரலால் மெல்ல வருடினும் வலிந்து தெறித்தினும் ஒலியின் வலிமை மாறுமேயன்றி, அந்நரம்பிற்கு உரிய சுருதி மாறாது. ஒவ்வொரு நரம்பிற்கும் அதற்கே உரிய அதிர்வு ஒன்று உண்டு என்பதைப் பாணன் தன் செவியால் அறிந்திருந்தான்.

நரம்பிற்கு மட்டுமோ இவ்வியல்பு? அன்று. மரத்திற்கும், கம்பத்திற்கும், பாலத்திற்கும், கோபுரத்திற்கும், எந்திரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்திற்கும் இஃது உண்டு. ஒரு பொருளை ஒருமுறை அசைத்துவிட்டு விலகிக்கொண்டால், அது தானே எவ்வளவு விரைவில் முன்னும் பின்னும் ஆடுகிறதோ, அவ்விரைவை அதன் இயல்பு அதிர்வெண் என்பர். ஒரு நொடியில் ஒருமுறை ஆடி மீள்வது ஒரு ஹெர்ட்ஸ் எனப்படும். நொடிக்கு இருபத்தைந்து முறை அதிர்வது 25 ஹெர்ட்ஸ் ஆகும்.

இவ்வியல்பு எவற்றைப் பொறுத்தது? இரண்டனைப் பொறுத்தது. ஒன்று, வளைக்க முயன்றால் வளையாது எதிர்த்து நிற்கும் விறைப்பு. மற்றொன்று, அசைக்க முயன்றால் எளிதில் அசையாத நிறை. விறைப்பு மிகுந்தால் அதிர்வு விரையும். நிறை மிகுந்தால் அதிர்வு மந்தமாகும். ஆயினும் இவற்றின் விளைவு நேர்விகிதத்தில் அமைவதன்று. விறைப்பை நான்கு மடங்காக்கினால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். நிறையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும்.

இதனை மாணவர் எவரும் வகுப்பறையிலேயே சோதித்து அறியலாம். மெல்லிய எஃகு அடிக்கோல் ஒன்றை மேசை விளிம்பில் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, 20 செண்டிமீட்டர் வெளியே நீட்டி நிற்கச் செய்து, நுனியைத் தட்டிவிட வேண்டும். அது விரைந்து ஆடும். பின்னர் 10 செண்டிமீட்டர் மட்டும் நீட்டித் தட்டினால், ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு விரைந்து, செவிக்கு ஒலியாகவே கேட்கும். நீளம் பாதியானபொழுது அதிர்வெண் நான்கு மடங்காகிவிட்டது. நெடுந்தென்னை மெல்ல ஆடுவதன் காரணமும் இதனுள் அடங்கும்.

இயல்பு அதிர்வெண்ணை அறிவதால் வரும் பயன் யாது என்று வினவலாம். அதற்கு ஊஞ்சலே விடையளிக்கும். ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையைத் தாய் ஒரு விரலால் தள்ளுகிறாள். ஊஞ்சல் மீண்டு வந்து, மறுபடி செல்லத் தொடங்கும் அந்நொடியில் மீண்டும் ஒருமுறை தள்ளுகிறாள். தள்ளும் வலிமை சிறிது; ஆயினும் காலம் தவறாத சிறு வலிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஊஞ்சலை மேலே உயர்த்திவிடுகின்றன. காலம் தவறித் தள்ளினால் எத்துணை வலிமையும் வீணாகும். புறத்தேயிருந்து வரும் விசையின் தாளமும் பொருளின் இயல்பான தாளமும் ஒன்றுபட்டு அசைவு பெருகும் இந்நிலையை ஒத்ததிர்வு என்பர்.

உப்பளத்தில் நீர் இறைக்கும் எஞ்சினை இயக்குவோர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். எஞ்சினைத் தொடங்கி வேகத்தை ஏற்றுங்கால், ஏதோ ஒரு வேகத்தில் கொட்டகையின் தகரம் கிடுகிடுவென்று அதிரும். அருகில் வைத்த தண்ணீர்ச் சொம்பும் நடுங்கும். வேகத்தை மேலும் ஏற்றினால் அதிர்ச்சி மிகும் என்றன்றோ எதிர்பார்த்தல் இயல்பு? ஆனால் தகரம் அடங்கிவிடும். எஞ்சினின் தாளம் தகரத்தின் தாளத்தைத் தொட்டபொழுது தகரம் அதிர்ந்தது. அதனைக் கடந்தபின் ஓய்ந்தது.

கொட்டகைத் தகரம் அதிர்வதால் பெருந்தீங்கு இல்லை. மக்கள் நடக்கும் பாலம் அவ்வாறு அதிர்ந்தால் என்னாகும்? 1831ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே பிராட்டன் என்னுமிடத்தில், படைவீரர் எழுபதுக்கு மேற்பட்டோர் ஒரு தொங்குபாலத்தைக் கடந்தனர். பாலம் தம் நடைக்கேற்ப ஆடுவதைக் கண்டு, அவர்கள் அவ்வாட்டத்திற்கு இசைய அடியெடுத்து வைத்தனர். சிறிது நேரத்தில் பாலத்தின் ஒரு முனை இற்று வீழ்ந்தது. வீரர் ஏறத்தாழ நாற்பதின்மர் ஆற்றில் விழுந்தனர். நல்வினையாக உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தின்மேல் படையினர் சீர்நடை இடலாகாது, அடி மாறி நடத்தல் வேண்டும் என்னும் வழக்கம் அதன்பின் பரவியது. ஆயினும் 1850இல் பிரான்சு நாட்டின் ஆன்ஜே நகரில் புயற்காற்றில் ஆடிய ஒரு தொங்குபாலம் படையினரோடு இடிந்து வீழ்ந்தபொழுது, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் வியப்பிற்குரியது. வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்னுமிடத்தில் குறுகிய கடற்கழியின்மேல் கட்டப்பெற்ற தொங்குபாலம் அவ்வாண்டு சூலை முதல் நாள் திறக்கப்பெற்றது. இரு தூண்களுக்கு இடையே அதன் நீளம் 853 மீட்டர். கண்ணுக்கினிய மெல்லிய வடிவம். ஆனால் அம்மென்மையே அதற்குப் பகையாயிற்று. நவம்பர் 7ஆம் நாள் மணிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் காற்று வீசியது. அது பெரும்புயல் அன்று. நிவரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியே. அக்காற்றில் பாலத்தின் தளம், துணியைப் பிழிவதுபோல இடமும் வலமும் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கி, இறுதியில் சிதைந்து கடலில் வீழ்ந்தது. ஈண்டு நுட்பம் ஒன்று கருதத்தக்கது. அக்காற்று, தாய் ஊஞ்சலைத் தள்ளுவது போல விட்டுவிட்டுத் தள்ளவில்லை, சீராகவே வீசியது. பாலம் முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அம்முறுக்கமே காற்றின் ஆற்றலை மேலும் உள்ளிழுத்துக்கொண்டது. எனவே, ஒரு கட்டடம் எத்தனை முறை அசையும் என்பதோடு, எவ்வடிவில் அசையும் என்பதையும் அறிதல் இன்றியமையாதது.

வடிவம் என்பதனை விளக்கிக் கூறுதல் வேண்டும். ஒரு பொருளுக்கு இயல்பு அதிர்வெண் ஒன்றே என்று கருதலாகாது. பாலம் மேலும் கீழும் அசையலாம், பக்கவாட்டில் அசையலாம், முறுக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் அசைவுக் கோலத்திற்கும் தனித்தனி அதிர்வெண் உண்டு. இவ்வகையில் தமிழ்நாட்டார் பெருமை கொள்ளத்தக்க ஓர் ஆராய்ச்சி உளது. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன், மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டு வெளியிட்டார். வெறுந்தோலைப் போர்த்த பறையில், பல அதிர்வுக் கோலங்களின் எண்கள் ஒன்றோடொன்று இசையா; ஆதலின் அதன் ஒலியில் சுருதி தெளிவாகப் புலப்படாது. மிருதங்கத்தின் வலப்புறத் தோலின் நடுவிலோ கருநிறப் பூச்சு ஒன்று இடப்படுகிறது. அப்பூச்சு தோலின் நிறையை நடுவிடத்தே மிகுவித்து, அக்கோலங்களின் அதிர்வெண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முழுவெண் விகிதங்களில் அமையச் செய்கிறது என்பதை இராமன் நிறுவினார். பெயர் அறியப்படாத பண்டைக் கைவினைஞர், வேண்டிய இடத்தில் வேண்டிய நிறையைச் சேர்த்து அதிர்வைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டனர்!

மிருதங்கம் செய்வோர் பூச்சைச் சிறிது சிறிதாக இட்டு, தட்டிப் பார்த்துத் திருத்தலாம். பாலம் கட்டுவோர்க்கு அவ்வசதி உண்டோ? கட்டிமுடித்தபின் குறை தெரிந்தால் பொருளும் காலமும் வீணாகும். சில வேளைகளில் உயிரும் போகும். இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றின்மேல் நடப்போர்க்கெனக் கட்டப்பெற்ற மில்லெனியம் பாலம் 2000ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் திறக்கப்பெற்றது. மக்கள் திரண்டு நடக்க, பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்தைச் சமாளிக்க நடப்போர் கால்களை அகற்றி வைக்க, ஆட்டம் மேலும் மிகுந்தது. இரு நாள்களில் பாலம் மூடப்பெற்றது. அசைவின் ஆற்றலை உறிஞ்சித் தணிக்கும் கருவிகள் பொருத்தப்பெற்று, 2002இல்தான் அது மீண்டும் திறக்கப்பெற்றது. ஆகவே, கட்டுவதற்கு முன்னரே இயல்பை அறிதல் வேண்டும். இல்லாத பொருளின் அதிர்வை எங்ஙனம் அறிவது?

கணக்கினால் அறிவது. ஒரு நரம்பு, ஒரு கோல் போன்ற எளிய வடிவங்களின் அதிர்வெண்ணைக் கணிதவல்லார் நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டனர். ராலே பிரபு என்னும் ஆங்கில அறிஞர், அசையும் பொருளின் வளைவாற்றலையும் இயக்க ஆற்றலையும் ஒப்பிட்டு அதிர்வெண்ணை அணுகிக் காணும் முறையைத் தந்தார். ஒலியியல் பற்றிய அவரது பெருநூல் 1877இல் வெளிவரத் தொடங்கியது. எனினும், துளைகளும் வளைவுகளும் இணைப்புகளும் நிறைந்த எந்திரச் சட்டத்திற்கோ வானூர்தியின் இறக்கைக்கோ இத்தகைய எளிய கணக்குகள் போதா.

அறிஞர் இதற்குக் கண்ட வழி, பெரும்பணியைச் சிறுபணிகளாகப் பகுத்துக்கொள்ளும் வழியே ஆம். பரந்த உப்பளத்தை ஒரே பரப்பாக வைத்து எவரும் தொழில் செய்வதில்லை; வரப்பிட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொரு பாத்தியும் சிறிது. அதன் அளவும் ஆழமும் அறியத்தக்கன. பாத்திகள் வாய்க்காலால் இணைந்தன. அவ்வாறே, சிக்கலான பொருளை ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான சிறு கூறுகளாக மனத்தால் பகுப்பர். ஒவ்வொரு கூறின் விறைப்பும் நிறையும் எளிதிற் கணிக்கத்தக்கன. அண்டைக் கூறுகள் சந்திக்கும் புள்ளிகளில் அவற்றை மீண்டும் இணைத்து, முழுப்பொருளுக்கும் உரிய சமன்பாடுகளை எழுதுவர். 1956ஆம் ஆண்டு டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்னும் நால்வர் வானூர்தி இறக்கையின் பொருட்டு இத்தகைய முறையை விளக்கி எழுதினர். 1960இல் கிளஃப் இதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை இட்டார்.

சமன்பாடுகள் பல்லாயிரமாகப் பெருகின், மனிதர் வாழ்நாள் முழுதும் எழுதினும் தீரா. ஈண்டுக் கணிப்பொறி துணைக்கு வந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 1960களில் ‘நாஸ்ட்ரான்’ என்னும் மென்பொருளை ஆக்கியது. நம் நாட்டில் திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ‘ஃபீஸ்ட்’ என்னும் மென்பொருளை ஆக்கியுள்ளனர். ஏவுகலம் எழும்பும்பொழுது அதன் உடல் அதிர்கிறது. அதனுள் அமர்ந்த செயற்கைக்கோளின் இயல்பு அதிர்வெண் அவ்வதிர்வோடு ஒன்றுபடலாகாது. ஆதலின் விண்வெளித் துறையில் இக்கணக்கின்றி எக்கலமும் எழுவதில்லை.

இம்மென்பொருளைக் கையாளும் முறை பின்வருமாறு. பொறியாளர் முதலில் பொருளின் வடிவத்தைத் திரையில் வரைவார். அஃது எஃகோ, அலுமினியமோ, காங்கிரீட்டோ என்பதைக் கூறி, அதன் விறைப்பையும் அடர்த்தியையும் குறிப்பார். பின்னர்ச் சிறு கூறுகளாகப் பகுப்பார். பொருள் எவ்விடத்தில் எதனோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதை உரைப்பார். கணிப்பொறி அதிர்வெண்களை வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொன்றிற்கும் உரிய அசைவுக் கோலத்தைப் பல வண்ணங்களில் அசையும் படமாகவும் காட்டும். படத்தில் சட்டம் பெரிதும் வளைந்து நெளிவதைக் கண்டு, உண்மையிலும் அவ்வளவு வளையும் என்று அஞ்சுதல் கூடாது. கோலம் தெளிவாகத் தெரியும்பொருட்டு அவ்வாறு மிகைப்படுத்திக் காட்டப்படுகிறது. எவ்விடம் மிகுதியாக அசையும், எவ்விடம் அசையாது என்பதே அப்படம் உணர்த்தும் பொருள். உண்மையில் எத்துணைத் தொலைவு அசையும் என்பது, வந்து தாக்கும் விசையையும் பொருளின் தணிப்பையும் பொறுத்தது. அது வேறொரு கணக்கு.

தமிழ்நாட்டில் இக்கணக்கின் பயனைக் காண விழைவோர் காற்றாலைகளை நோக்குக. 1986ஆம் ஆண்டு, நாட்டின் முதற் காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று தூத்துக்குடியில் அமைந்தது. இன்று முப்பந்தல், கயத்தாறு முதலிய இடங்களில் அவை காடுபோல் செறிந்து நிற்கின்றன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தார், கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் ஒன்றையும் நடத்துகின்றனர். காற்றாலைக் கோபுரம், உச்சியில் பெருஞ்சுமையைத் தாங்கி நிற்கும் நெடுங்கம்பம். அச்சுமையோ ஓயாது சுழல்வது. இதனினும் தகுந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

மூன்று இறக்கைகளை உடைய ஒரு காற்றாலை, காற்றிற்கேற்ப நிமிடத்திற்கு 8 முதல் 16 சுற்றுவரை சுழல்கிறது எனக் கொள்க. இறக்கைகளுள் ஒன்று சிறிது கனத்திருப்பினும், ஒவ்வொரு சுற்றிற்கும் ஒருமுறை கோபுரம் இழுக்கப்படும். ஆகவே நிமிடத்திற்கு 8 முதல் 16 வரையுள்ள தாளங்கள் கோபுரத்திற்கு ஆகா. மேலும், ஒவ்வோர் இறக்கையும் கோபுரத்தைக் கடக்குங்கால் காற்றின் போக்கில் ஒரு தடுமாற்றம் விளையும். ஒரு சுற்றிற்கு மூன்று கடப்புகள்; ஆகவே நிமிடத்திற்கு 24 முதல் 48 வரையுள்ள தாளங்களும் ஆகா. எஞ்சியிருப்பது 16க்கும் 24க்கும் இடைப்பட்ட குறுகிய வெளியே. பொறியாளர் கோபுரத்தின் உயரத்தையும் குறுக்களவையும் எஃகுத் தகட்டின் கனத்தையும் மாற்றி மாற்றிக் கணித்து, அதன் இயல்பு அசைவு நிமிடத்திற்கு 20 என வருமாறு அமைக்கிறார். இருபுறமும் நான்கு நான்கு இடைவெளி. கணக்கு நன்றே முடிந்தது.

ஆனால் உண்மையாக நன்றே முடிந்ததா? கோபுரத்தின் அடி பாறையில் வேரூன்றியது போலச் சிறிதும் அசையாது என்று கணிப்பொறிக்கு உரைத்திருந்தால், கணிப்பொறி அதனை அப்படியே நம்பும். கோபுரம் நிற்கும் இடமோ, உவர்நிலம் போன்று ஈரம் ஊறிய களியாக இருக்கலாம். அந்நிலம் அடித்தளத்திற்குச் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். நெகிழ்வினால் முழு அமைப்பின் விறைப்புக் குறையும். 20 என்று கணித்த எண் 17க்கு இறங்கலாம். இப்பொழுது 16ஆம் சுற்றின் தாளம் கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது. கோபுரம் அன்றே விழாது. நாள்தோறும் சிறிது சிறிதாக அதிர்ந்து, பற்றுவைத்த இடங்களில் மயிரிழைபோல் கீறல் தோன்றி, பல ஆண்டுகளுக்குப்பின் ஒருநாள் பெருந்தீங்காக முடியலாம். பிழை செய்தது கணிப்பொறியா? அன்று. நிலத்தை மிதித்துப் பாராமல் எண்ணை எழுதியவரே பிழை செய்தவர்.

இத்தகைய பிழைகள் இன்னும் சில உள. கூறுகளை மிகப் பெரியனவாகப் பகுத்தால், கணக்கில் பொருள் உள்ளதைக் காட்டிலும் விறைப்பாகத் தோன்றி, அதிர்வெண் மிகுந்து காட்டும். பொருளின்மேல் ஏற்றப்படும் நீரின் நிறையையோ, கருவியின் நிறையையோ மறந்துவிடினும் அவ்வாறே மிகுந்து காட்டும். கணிப்பொறி பொய் சொல்லாது. ஆனால் மெய் இஃது என்று தானாக அறியவும் அதற்கு இயலாது.

ஆதலின் கணித்ததைச் சோதனையால் உறுதிப்படுத்திக்கொள்வது பொறியாளர் மரபு. சந்தையில் பானை வாங்கும் மூதாட்டி அதனை ஒரு விரலால் தட்டிக் கேட்பார். நல்ல பானை ‘ணங்’ என்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானை அடைத்த குரலில் ஒலிக்கும். கீறல் விறைப்பைக் குறைப்பதால் அதிர்வும் மாறுகிறது என்னும் நுட்பமே அம்மூதாட்டியின் விரல்நுனியில் உள்ளது. பொறியாளரும் உணர்கருவிகளைச் சட்டத்தில் ஒட்டிவைத்து, சிறு சுத்தியலால் தட்டி, எழும் அதிர்வுகளைப் பதிவு செய்து, கணிப்பொறி தந்த எண்களோடு ஒப்பிடுகிறார். சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், நிலநடுக்கம்போல் குலுங்கும் மேடைகள் உள்ளன. காற்றின் தாக்குதலை ஆராயும் காற்றுச் சுரங்கமும் உண்டு. கணக்கும் சோதனையும் ஒத்தால் மகிழ்வர். ஒவ்வாவிடின் கணக்கைத் திருத்துவர். சோதனையைத் தங்கள் கணக்கிற்கு ஏற்ப வளைப்பதில்லை.

அனுமந்தைக் கடற்கரையில் இப்பாடம் இன்னும் ஒருபடி மேற்செல்லும். உப்பளத்தில் நிமிடத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் ஓர் இறைவை எந்திரம் இரும்புச் சட்டத்தின்மேல் நிற்கிறது எனக் கொள்க. அதன் தாளம் நொடிக்கு 25. சட்டத்தை அமைத்தவர் அறிவுடையவர். அதன் இயல்பு அதிர்வெண் 32 ஹெர்ட்ஸாக அமைத்துத் தந்தார். முதலாண்டில் எந்திரம் அமைதியாக ஓடியது. ஆனால் உப்புக்காற்று ஓய்வறியாதது. அஃது இரும்பை நாள்தோறும் அரிக்கும். துரு ஏறத் தகடு மெலியும், மரையாணிகள் தளரும், விறைப்புக் குறையும். எந்திரத்தின் எடையோ குறைவதில்லை. ஆகவே சட்டத்தின் அதிர்வெண் 32இலிருந்து 30க்கும், பின் 28க்கும் இறங்கி, ஒருநாள் 25ஐ நெருங்கும். அன்று எந்திரம் நடுங்கத் தொடங்கும். “நேற்றுவரை நன்றாக ஓடியதே!” என்று வியப்பவர், நேற்றைய சட்டம் இன்றில்லை என்பதை உணரார். வண்ணம் பூசித் துருவைத் தடுப்பதும், மரையாணிகளைக் காலந்தோறும் முடுக்குவதும், புதிய நடுக்கம் தோன்றியவுடன் எந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடுவதும் இக்கடற்கரையில் தொழில் செய்வோர்க்குக் கடமைகள் ஆகும்.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கெனத் தாளம் ஒன்றை உடையது. அத்தாளத்தைப் பாணன் செவியால் அறிந்தான். மிருதங்கம் செய்தோன் கையால் அறிந்தான். இக்காலப் பொறியாளர் கணிப்பொறியால் அறிகிறார். கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை. பொருளின் இயல்பை முன்னரே அறிந்து, அதனைத் தாக்கவரும் விசையின் இயல்பையும் அறிந்து, இரண்டும் ஒன்றுபடாதவாறு விலக்கி அமைப்பதே அக்கடமை. உப்பு விளைப்போர் உவர்நீரைப் பாய்ச்சுமுன் பாத்தியின் தரையை மிதித்துப் பார்க்கின்றனர். தரை இறுகாத பாத்தியில் எவ்வளவு நீர் பாய்ச்சினும் அது மண்ணுக்குள் இறங்கி வீணாகும் என்பது அவர்கள் அறிந்தது. பெருங்கோபுரம் எழுப்புவோர்க்கும் அவர்தம் காலடி கற்பிக்கும் பாடம் அதுவே. திரையில் தோன்றும் எண் எத்துணை அழகியதாயினும், அதன் அடியில் உள்ள தரையை ஒருமுறை மிதித்துப் பார்த்தபின் நம்புவதே அறிவுடைமை.